பத்து மைல், ஒரு முழு நாள்: நியூட்டன் டிரூரி சாலையில் ரெட்வுட் காட்டைக் கடக்க ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் வடகோடியில், பசிபிக் கடலை ஒட்டிப் போகும் 101-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு பழைய சாலை பிரிகிறது. பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர், அடர்ந்த காட்டுக்குள் சென்றுவிட்டு அது மறுபடியும் அதே நெடுஞ்சாலையில் வந்து சேர்கிறது. நியூட்டன் பி. டிரூரி சீனிக் பார்க்வே என்பது அதன் பெயர். பிரெய்ரி கிரீக் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவைத் தெற்கு வடக்காக ஊடுருவிச் செல்லும் சாலை அது.

நிற்காமல் ஓட்டினால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் முறை நாங்கள் அப்படித்தான் கடந்தோம். மறுமுனைக்கு வந்த பிறகுதான், பார்த்ததெல்லாம் மரங்களின் அடிப்பகுதி மட்டுமே என்று புரிந்தது. முப்பது மாடி உயரத்துக்கு நிற்கும் மரத்தில் கார்க் கண்ணாடி காட்டுவது முதல் மாடியைத்தான். மீதியைக் காரின் கூரை மறைத்துவிடுகிறது. அடுத்த முறை காலையில் நுழைந்து மாலையில் வெளியே வந்தோம். அந்த நாளின் வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்தச் சாலை ஓட்டிக் கடப்பதற்காக இல்லை, இறங்குவதற்காக இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். ரெட்வுட் என்பதைச் செம்மரம் என்று தமிழாக்கினால் ஆந்திர எல்லைக் காடுகளில் வெட்டிக் கடத்தப்படும் செம்மரம்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. இது ஊசியிலை மர இனம். உலகிலேயே உயரமாக வளரும் மரம். அதனால் ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

சாலை எப்படி அமைதியானது

1992 வரை இதுதான் 101-ஆம் நெடுஞ்சாலை. மரம் ஏற்றிய லாரிகள், சரக்கு வண்டிகள், ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் எல்லோரும் இந்த மரங்களுக்கு நடுவேதான் போய்வந்தார்கள். அந்தப் போக்குவரத்தைக் காட்டிலிருந்து விலக்குவதற்காகக் கிழக்கே மலைச்சரிவில் புறவழிச்சாலை போட்டார்கள். அதற்கும் ஒரு விலை இருந்தது. வேலை நடந்துகொண்டிருந்த 1989 அக்டோபரில் பெய்த பெருமழையில், வெட்டிப்போட்ட சரிவுகளின் மண் கரைந்து பிரெய்ரி கிரீக்கின் கிளை ஓடைகளில் இறங்கியது. சால்மன் மீன்கள் முட்டையிடும் சரளைப் படுகைகள் உள்ள ஓடைகள் அவை. 1992-இல் புறவழிச்சாலை திறந்தது. பழைய சாலையில் வணிக வாகனங்களுக்கு இடமில்லாமல் போனது. அதற்கு டிரூரியின் பெயரைச் சூட்டினார்கள்.

யார் இந்த டிரூரி என்று தெரிந்துகொண்டு போனால் வழியில் நிற்கும் பலகைகள் புரியும். 1889-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1918-இல் தொடங்கிய ரெட்வுட் பாதுகாப்புச் சங்கத்துக்கு அடுத்த ஆண்டே செயலாளராக வந்தார். அப்போது இந்தக் கடற்கரைக் காடுகளில் பெரும்பகுதி மர நிறுவனங்களின் கையில் இருந்தது. போராட்டத்தைவிட வாங்கிவிடுவதே வழி என்று சங்கம் முடிவு செய்தது. நன்கொடையாளர்களிடம் பணம் திரட்டித் தோப்புத் தோப்பாக விலைக்கு வாங்கி மாநிலத்திடம் ஒப்படைத்தார்கள். கொடுத்தவர் பெயரையோ, அவர் நினைவில் வைத்திருந்தவர் பெயரையோ அந்தத் தோப்புக்கு வைத்தார்கள். சாலையோரம் சில நூறு அடிக்கொரு முறை மரப்பலகையில் யாரோ ஒருவர் பெயர் வருவது அதனால்தான். இந்தப் பூங்காவே 1923-இல் சிப்போரா ரஸ் என்ற பெண்மணி கொடுத்த நிலத்தில் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 14,000 ஏக்கர். டிரூரி பின்னர் 1940 முதல் 1951 வரை அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் இயக்குநராகவும், அதன்பின் 1959 வரை கலிஃபோர்னிய மாநிலப் பூங்காக்களின் தலைவராகவும் இருந்தார்.

ஒரு காலத்தில் இருபது லட்சம் ஏக்கர் பரந்திருந்த, வெட்டுப்படாத பழைய ரெட்வுட் காட்டில் மிஞ்சியது ஏறக்குறைய ஐந்து சதவீதம். நீங்கள் போகப்போவது அந்த ஐந்துக்குள்.

புறப்படும் முன்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நகரைச் சுற்றிய வளைகுடாப் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலரும் நீண்ட வார இறுதியில் இதைத் திட்டமிடுகிறார்கள். அப்படியானால் முதல் நாளைப் பயணத்துக்கே ஒதுக்கிவிட்டு யுரேகா, ஆர்கேட்டா, டிரினிடாட் ஆகிய ஊர்களில் ஒன்றில் தங்குங்கள். பூங்கா யுரேகாவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 50 மைல். ஆரெகன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு கிரெசென்ட் சிட்டி வசதி. பூங்காவுக்குள்ளேயே எல்க் பிரெய்ரி என்ற கூடார முகாமில் 75 இடங்கள் உண்டு. கோடைக்காலத்துக்கு மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்தால்தான் கிடைக்கும்.

பெட்ரோலை டிரினிடாட்டிலோ அதற்கு முன்போ நிரப்பிக்கொள்ளுங்கள். கைபேசி சமிக்ஞையை நம்ப வேண்டாம், காட்டுக்குள் கிடைக்காது. வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொண்டு, பார்வையாளர் மையத்தில் காகித வரைபடம் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு போனால் குளிரில் நடுங்குவீர்கள். கோடையில்தான் இங்கே கடல் மூடுபனி அதிகம். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடை நல்லது. குளிர்காலம் முழுக்க மழை. ஆனால் அப்போது கூட்டம் இல்லை, ஓடைகளில் தண்ணீர் நிறைந்து ஓடும். மே, ஜூன் மாதங்களில் மரங்களுக்கு இடையில் ரோடோடென்ரான் இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஒரு மாதத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் மே மாதக் கடைசியைச் சொல்வேன்.

மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அக்டோபர் முதல் மே வரை மாதத்தின் முதல் சனிக்கிழமை இந்தச் சாலையை மோட்டார் வாகனங்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் விட்டுவிடுவது வழக்கம். காரில் வருகிறவர்களும் இதை நினைவில் வைத்து, புறப்படும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். புயலில் மரம் விழுந்தாலும் சாலையை மூடுவார்கள்.

தெற்கிலிருந்து நுழையுங்கள்

இரு முனைகளிலிருந்தும் நுழையலாம் என்றாலும் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் எனக்குப் பிடித்தது. முதலில் திறந்த புல்வெளி வருகிறது, பிறகு காடு மெல்ல மெல்ல இருபுறமும் நெருங்கி மூடுகிறது. அந்த மாற்றத்தை உடம்பே உணரும். வடக்கே போகும்போது ஓரிக் என்ற சிற்றூரைத் தாண்டிச் சில மைல்களில் 753-ஆம் வெளிவழி வரும். அதில் இறங்குங்கள். அங்கிருந்து வேக வரம்பு மணிக்கு 35 மைல். அதையும்விட மெதுவாகப் போக விரும்பினால், பின்னால் வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட இடங்கள் அடிக்கடி இருக்கின்றன. சாலையில் ஓட்டிச் செல்ல நுழைவுக் கட்டணம் கிடையாது.

காலை ஏழரை, எட்டு மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. காரணம், இடப்பக்கம் உடனே விரியும் எல்க் பிரெய்ரி புல்வெளி. பனி இன்னும் தரையை விட்டு எழாத அந்த நேரத்தில் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் அங்கே மேயும். ஆண் மான் 1,200 பவுண்டு வரை எடை போடும். நம் ஊர்க் கடமானைப் பார்த்த கண்ணுக்கும் இது பெரிதாகவே இருக்கும். வேட்டையாடி வேட்டையாடி 1925 வாக்கில் கலிஃபோர்னியாவில் பதினைந்து அளவுக்குச் சுருங்கிவிட்ட இனம் இது. மிஞ்சியவை ஒதுங்கியிருந்தது இந்தப் பகுதியில்தான்.

மானைக் கண்டதும் நடுச்சாலையில் பிரேக் போடாதீர்கள். முழு வண்டியும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே வரும்படி ஓரம் கட்டுங்கள். குறைந்தது 75 அடி தள்ளி நில்லுங்கள். மே, ஜூனில் குட்டியோடு இருக்கும் பெண் மானும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இணைதேடும் ஆண் மானும் ஆபத்தானவை. அது தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். வண்டிக்கு அருகே மந்தை வந்துவிட்டால் உள்ளேயே இருந்து பாருங்கள், அதைவிட நல்ல இருக்கை வேறு இல்லை.

இது யூரோக் மக்களின் நிலம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இப்பகுதிப் புல்வெளிகளைக் காலங்காலமாக நெருப்பு வைத்துக் காத்தவர்கள் அவர்கள். ரெட்வுட் பலகையில் வீடும், குடைந்த ஒரே மரத்தில் படகும் செய்தவர்கள். இன்றும் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஓரிக் அருகே பழைய மர ஆலை இருந்த 125 ஏக்கர் நிலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க 2024-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022 மே மாதம் இந்த வானத்தில் காண்டர் கழுகுகளை மீண்டும் பறக்கவிட்டதும் யூரோக் பழங்குடி அரசின் முயற்சியால்தான்.

பார்வையாளர் மையமும் ஒரு பருக்கைச் சோறும்

புல்வெளியின் வட விளிம்பில் இடப்பக்கம் திரும்பினால் பார்வையாளர் மையம். காரை அங்கே நிறுத்துங்கள். கழிப்பறை, குடிநீர், வரைபடம் எல்லாம் இங்கேதான். எந்தப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது, எந்த ஓடையின் பாலத்தைக் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை வனக் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ரெவலேஷன் டிரெயில் என்ற சிறு சுற்றுப்பாதை உண்டு. பார்வையற்றவர்கள் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே நடந்து, பட்டையையும் பெரணியையும் தடவி, ஓடையைக் கேட்டு அறியும்படி அமைத்தது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் ஏற்றது. கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள். காட்டின் ஈர மணம் அப்போதுதான் முழுதாக வந்து சேரும்.

உணவு பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். வழியில் உணவகம் இல்லாததால் நம்மவர்கள் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். நல்லதுதான். ஆனால் சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கைகூடச் சிந்தியிருக்கக் கூடாது. மார்பிள்டு மர்லெட் என்ற சிறு கடற்பறவை இருக்கிறது. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, முட்டையிடுவதற்கு மட்டும் பல மைல் உள்நாட்டுக்குப் பறந்து வந்து, முதுமரத்தின் உச்சிக் கிளையில் படர்ந்த பாசிமேல் ஒரே ஒரு முட்டை இடும். அதன் கூடு எங்கே இருக்கிறது என்பதே 1974 வரை பறவையியலாளர்களுக்குத் தெரியவில்லை. நாம் சிந்தும் சோற்றுக்கும் சிப்ஸுக்கும் ஸ்டெல்லர்ஸ் ஜே என்னும் நீலப்பறவைகள் கூடுகின்றன. அவை காக்கைக் குடும்பம்; காக்கையின் கூர்மை அப்படியே இருக்கும். கூடியவை சும்மா இருப்பதில்லை. மேலே போய் அந்த ஒற்றை முட்டையையும் தின்றுவிடுகின்றன. சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு கவளம் வைப்பது நம் வழக்கம். இந்தக் காட்டில் மட்டும் அதை விட்டுவிடுங்கள். மேசைக்கடியில் குனிந்து பார்த்து, விழுந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருங்கள். பிள்ளைகளிடம் காரணத்தைச் சொன்னால் அவர்களே பொறுக்கிவிடுவார்கள்.

பிக் ட்ரீ: இங்கே ஒரு மணி நேரமாவது

மறுபடி சாலைக்கு வந்து வடக்கே திரும்பியதும் வலப்பக்கம் கால்-பேரல் சாலை பிரியும். பெயர், இங்கே மரம் வெட்டிய பழைய பீப்பாய் நிறுவனத்தின் மிச்சம். மண் சாலை, ஒடுக்கமானது, மூன்று மைல் நீளம். இழுவை வண்டிகளுக்கு அனுமதியில்லை, மழைக்காலத்தில் மூடியிருக்கும். நாயோடு வருகிறவர்களுக்கு இது முக்கியம்: பூங்காவின் நடைபாதைகளில் நாய்களுக்கு இடமில்லை, இந்தச் சாலையில் கயிற்றோடு கூட்டிப் போகலாம்.

பார்வையாளர் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைலில் வலப்பக்கம் பிக் ட்ரீ நிறுத்துமிடம். அங்கிருந்து நூறு கெஜம் நடந்தால் 286 அடி உயரமுள்ள அந்த மரம். வயது 1,500 ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இதை வெட்டி, அடிக்கட்டையை நடன மேடையாக்கத் திட்டமிட்டார்கள் என்பது இங்கே சொல்லப்படும் கதை. பலரும் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிக் ட்ரீ சிறப்புதான், ஆனால் அதைவிட அழகான மரங்கள் அதன் பின்னால் இருக்கின்றன.

அங்கிருந்தே சுற்றுப்பாதைகள் தொடங்குகின்றன. நேரம் குறைவென்றால் சர்க்கிள் டிரெயில் போதும், கால்மணி நேரத்தில் சுற்றிவிடலாம். இரண்டு மணி நேரம் இருந்தால் என் பரிந்துரை இது: காரைப் பார்வையாளர் மையத்திலேயே விட்டுவிட்டு, பிரெய்ரி கிரீக் பாதையில் ஓடையை ஒட்டி வடக்கே நடந்து பிக் ட்ரீக்கு வந்து, கதீட்ரல் ட்ரீஸ் அல்லது ஃபுட்ஹில் பாதையில் திரும்புங்கள். மொத்தம் மூன்று மைல் அளவில் வரும், ஏற்றமே இல்லை என்று சொல்லலாம்.

நடக்கும்போது நிமிர்ந்து மட்டும் பார்க்காதீர்கள், குனிந்தும் பாருங்கள். மரத்தடியெல்லாம் மூவிலைச் செடி ஒன்று கம்பளம்போல் படர்ந்திருக்கும். முதல் பார்வையிலேயே எனக்கு வீட்டுக் கொல்லைப் புளியாரை நினைவுக்கு வந்தது. பிறகு பார்த்தால் அது புளியாரையின் உறவுதான், அதே ஆக்சாலிஸ் பேரினம். இலை மட்டும் நாலைந்து மடங்கு பெரிது. இதற்கு நிழல்தான் உணவு. கிளைகளுக்கிடையே நழுவிய வெயில் கீற்று ஒன்று அதன்மேல் விழுந்தபோது நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சில நிமிடங்களில் வெயில் பட்ட இலைகள் மட்டும் நடு நரம்பில் மடிந்து, குடையை இறக்கியதுபோலத் தண்டோடு ஒட்டிக்கொண்டன. ஓரடி தள்ளி நிழலில் இருந்தவை விரிந்தபடியே இருந்தன. வெயில் நகர்ந்து போனதும் மடிந்தவை மறுபடி விரியத் தொடங்கின. என் மகள் அடுத்த கீற்று எங்கே விழும் என்று தேடிக்கொண்டு போனாள்.

மரத்தின் பட்டையையும் தொட்டுப் பாருங்கள், கல்போல இருக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள். தேங்காய் மட்டைபோல நாராகவும் மெத்தென்றும் இருக்கும். ஓரடி கனம் வரை தடிக்கும் இந்தப் பட்டையும், அதிலிருக்கும் துவர்ப்புப் பொருளும்தான் தீயையும் பூச்சியையும் தடுத்து ஆயிரமாண்டுகளுக்கு மரத்தைக் காப்பவை. அடியில் கருகிக் குகைபோல் குடைந்திருக்கும் மரங்களைப் பார்ப்பீர்கள். உச்சியில் அவை பச்சையாகவே இருக்கும். கோடையில் மழை இல்லாத மாதங்களில் மூடுபனிதான் தண்ணீர். ஊசியிலைகளில் படிந்து சொட்டுச் சொட்டாக விழுவதை வேர் குடிக்கிறது, இலைகளும் நேராகவே உறிஞ்சுகின்றன. ஆண்டு முழுவதும் இந்த மரம் எடுத்துக்கொள்ளும் நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை மூடுபனியிலிருந்தே வருகிறது. அதனால் வானம் மூடியிருக்கிறதே என்று வருந்தாதீர்கள். படம் எடுக்கவும் அதுதான் நல்ல வெளிச்சம். வெயில் நாளில் வெளுப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டித்தான் விழும்.

பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று எழுதியிருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டுதான் மரத்தைத் தாங்குகின்றன. மிதிபட்டு மண் இறுகினால் அந்த வேர்கள் மூச்சுவிட முடியாது. உலகிலேயே உயரமான ஹைபீரியன் என்ற மரம், ஏறத்தாழ 380 அடி, இந்த மாநிலப் பூங்காவோடு சேர்ந்த ரெட்வுட் தேசியப் பூங்காவில் 2006-இல் கண்டறியப்பட்டது. பாதையில்லாத இடத்தில் ஆட்கள் தேடித் தேடிப் போய் அதன் சுற்றுப்புறத்தையே பாழாக்கியதால், 2022-இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்கலாம். அதைத் தேடிப் போகாதீர்கள். கீழே நின்று பார்க்கும் கண்ணுக்கு 380 அடிக்கும் 300 அடிக்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை.

நடுக்காட்டில் ஐந்து மைல்

பிக் ட்ரீக்குச் சற்று வடக்கே இடப்பக்கம் கார்க்ஸ்க்ரூ மரம். நான்கு அடிமரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலே போயிருக்கின்றன, சடை பின்னியதுபோல. சாலையிலிருந்து இரண்டு நிமிட நடை.

அதைத் தாண்டியதும் பெரும்பாலான வண்டிகள் வேகமெடுக்கின்றன, இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல. எனக்கோ சாலையின் சிறந்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பெயர்ப்பலகை பெற்ற மரம் எதுவுமில்லை. எல்லாமே பெரிய மரங்கள். சாலை சில இடங்களில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒடுங்கி வளைகிறது. ஏதாவது ஓர் ஒதுக்கிடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்து பாருங்கள். பட்டையும் பாசியும் ஒலியைக் குடித்துவிடுகின்றன. அடுத்த கார் வரும் சத்தம் மிக அருகே வந்த பிறகுதான் கேட்கும்.

நடக்க விரும்புகிறவர்கள் வலப்பக்கம் வரும் சௌத் ஃபோர்க் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பிரவுன் கிரீக் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மைலுக்குள் முடியும், கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, கூட்டம் குறைவு. ஓடையோரம் விழுந்து கிடக்கும் மரங்களின் முதுகில் புதிய மரங்கள் வரிசையாக முளைத்திருப்பதைப் பார்க்கலாம். சாலையில் மேலும் வடக்கே போனால் ஹோப் கிரீக், டென் டேப்போ பாதைகள் சேர்ந்த சுற்று வரும். இது இன்னும் தனிமையானது. பகலில் இவற்றில் ஒன்று போதும்.

அடிமரத்தில் கட்டிபோலப் புடைத்திருக்கும் முடிச்சுகளைக் கவனியுங்கள். அவை நோயில்லை. உறங்கும் மொட்டுகள் திரண்ட பகுதி அது; மரம் விழுந்தாலும் வெந்தாலும் அங்கிருந்துதான் மறுபடி துளிர்க்கும். அலங்கார மேசை செய்ய இந்த முடிச்சுகளுக்கு விலை அதிகம் என்பதால் இரவில் சங்கிலி ரம்பத்தோடு வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்க 2014-இல் இந்தச் சாலையையே சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை மூட வேண்டி வந்தது. நீங்கள் போகும் மாதத்தில் இரவு நேரக் கட்டுப்பாடு உண்டா என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட முனை நெருங்கும்போது ஆ-பா என்ற சிறு பாதை வருகிறது. மரம் வெட்டப் போட்ட சாலை ஒன்றைப் பெயர்த்தெடுத்து, சரிவைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் காடாக்கிய இடம். பெரிய மரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரு சாலையை அழிப்பது எப்படி என்று காட்டும் பாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஃபெர்ன் கேன்யனைச் சேர்ப்பதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஐம்பது அடிச் செங்குத்துச் சுவர்கள் இரண்டும் பெரணியால் மூடியிருக்க, நடுவே ஓடையில் கால் நனைத்து நடக்கும் பள்ளத்தாக்கு அது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அது டிரூரி சாலையில் இல்லை. சாலைக்குத் தெற்கே, 101-இலிருந்து பிரியும் டேவிசன் மண் சாலை வழியாகக் கடற்கரைக்கு இறங்கிப் போக வேண்டும். மே 15 முதல் செப்டம்பர் 15 வரை முன்பதிவு அனுமதி கட்டாயம். அதோடு வண்டிக் கட்டணமும் உண்டு. வழியில் ஓடைகளைக் காரோடு கடக்க வேண்டியிருக்கும். தாழ்ந்த கார்களுக்கு மழைக்குப் பிறகு ஏற்றதல்ல. இழுவை வண்டியும் 24 அடிக்கு மேற்பட்ட வாகனமும் போக முடியாது.

இரண்டு நாள் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள். கால்வலு உள்ளவர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படாத அருமையான வழி ஒன்று உண்டு. பார்வையாளர் மையத்திலிருந்து ஜேம்ஸ் இர்வைன் பாதையில் நாலரை மைல் நடந்தால் ஃபெர்ன் கேன்யன். அங்கிருந்து கோல்டு பிளஃப்ஸ் கடற்கரையோரமாகத் தெற்கே நடந்து, மைனர்ஸ் ரிட்ஜ் பாதையில் திரும்பலாம். மொத்தம் பன்னிரண்டு மைல் அளவில் ஆகும். 1850-களில் இந்தக் கடற்கரை மணலில் பொன் சலித்தவர்கள் நடந்த முகடு அது. முழு நாள் வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும்.

வட முனையும் திரும்பும் வழியும்

ஆ-பாவுக்குப் பிறகு இடப்பக்கம் கோஸ்டல் டிரைவ் பிரியும். மண்சரிவில் சிதைந்து, அந்தப் பழைய கடலோரச் சாலையில் ஒரு பகுதியைக் கார்களுக்கு மூடிவிட்டார்கள். நடந்தோ மிதிவண்டியிலோ போகலாம். அதைத் தாண்டியதும் மரங்கள் விலகி, திடீரென்று நெடுஞ்சாலையின் இரைச்சல் வந்துவிடும். 101-இல் வடக்கே சில மைல் போனால் கிளமத் ஆறு. ஆற்றுக்குத் தென்கரையில், 1964 டிசம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போன பழைய பாலத்தின் நுழைவாயில் மட்டும் இரண்டு கரடிச் சிலைகளோடு நின்றுகொண்டிருக்கிறது. கையில் ஒரு மணி நேரம் இருந்தால் அங்கிருந்து ஆல்டர் கேம்ப் பக்கமாக ஏறிக் கடலைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் பண்ணை வீடும் களஞ்சியமும்போல வேடமிட்டுக் கட்டிய ராடார் நிலையம் அந்தச் சரிவில் இன்னும் இருக்கிறது.

தங்குமிடம் தெற்கே என்றால், திரும்பும்போது புறவழிச்சாலையில் ஏறாமல் டிரூரி சாலையிலேயே வாருங்கள். காலையில் வலப்பக்கம் இருந்த மரங்கள் இப்போது இடப்பக்கம். மாலை வெளிச்சம் மேற்கிலிருந்து சாய்ந்து வந்து, காலையில் சாம்பல் நிறமாய் இருந்த பட்டையைச் செக்கச்செவேலென்று காட்டும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது புல்வெளிக்கு வந்துவிடும்படி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மான்கள் மறுபடி மேய வந்திருக்கும்.